ஒரு யூனிட் என்றால் எவ்வளவு?

யூனிட் என்ற சொல்லைச் சுற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். லாரிக்காரர் சொல்லும் யூனிட் வேறு, கரண்ட் பில்லில் இருப்பது வேறு, ஊசி மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது வேறு. முதல் இரண்டில் கணக்குப் பிசகினால் பணம் போகும். மூன்றாவதில் பிசகினால் உயிருக்கே ஆபத்து. அதனால் அந்தப் பதில்களைச் சுருக்கவில்லை.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மூன்று யூனிட் எம்-சாண்ட் என்று பில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். கொத்தனார் வண்டியைப் பார்த்துவிட்டு, ‘இரண்டரைகூடத் தேறாது’ என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

டேப்பை நம்புங்கள். மணல், ஜல்லி, கிராவல், சவுடு எதுவானாலும் கட்டுமானத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மெட்ரிக்கில் 2.83 கன மீட்டர். வண்டித் தொட்டியின் உள்பக்க நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, அதாவது 2.94 யூனிட்.

நீளமும் அகலமும் ஏமாற்றாது. தகராறு வருவது உயரத்தில்தான். சரக்கு நடுவில் குவிந்து மூலைகளில் இறங்கி நிற்கும். பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நடுக் குவியல்தான் தெரியும். ஒரு மெல்லிய கம்பியை எடுத்து நான்கு மூலைகளிலும் நடுவிலும் அடித்தகடு தட்டும்வரை குத்தி, சரக்கு மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து அளந்து பாருங்கள். நடுவில் 3 அடி 3 அங்குலம், மூலைகளில் 2 அடி 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தின் சராசரி 2.45 அடி. இதே 14க்கு 7 தொட்டியில் 240 கன அடிதான் இருக்கிறது. 2.4 யூனிட். உங்கள் கொத்தனார் சொன்னது இதைத்தான்.

அங்குலத்தை எழுதுவதிலும் கவனம் வேண்டும். 2 அடி 9 அங்குலத்தை 2.9 என்று எழுதிப் பெருக்குகிறவர்கள் நிறைய. 12 அங்குலம் ஓர் அடி, ஆகவே அது 2.75. இந்த ஒரு தவறிலேயே மேலே சொன்ன தொட்டியில் 15 கன அடி கூடிவிடும்.

‘குவாரியில் விளிம்பு தட்டித்தான் ஏற்றினோம், வழியில் குலுங்கி இறங்கிவிட்டது’ என்று சொல்வார்கள். சரக்கு குலுங்கி இறங்குவது உண்மைதான். ஆனால் நீங்கள் வாங்குவது உங்கள் வாசலில் வந்து நிற்கிற அளவு. எந்த இடத்து அளவுக்குப் பணம் என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். இறக்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். தரையில் கொட்டிவிட்டால் அந்தக் குவியலை அளந்து நியாயம் கேட்பது கடினம்.

இனி ஈரம். காய்ந்த மணலைவிட லேசான ஈரமுள்ள மணல் அதிக இடத்தை அடைக்கும். ஒவ்வொரு மணியையும் சுற்றி ஒட்டும் நீர்ப் படலம் மணிகளை ஒன்றையொன்று தள்ளி நிறுத்துவதுதான் காரணம். எடையில் 5 முதல் 8 சதவீதம் ஈரம் இருக்கும்போது இந்த உப்பல் உச்சத்தில் இருக்கும். நடுத்தர மணலில் 20–25 சதவீதம், மிக நைசான மணலில் 40 சதவீதம் வரைகூடப் போகும். முழுக்க நனைந்துவிட்டால் பழைய அளவுக்கே இறங்கிவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். நேர்ப் பக்கங்களுள்ள கண்ணாடி ஜாடியில் வந்த மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, படிய விடுங்கள். மட்டம் 16 செ.மீ.க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம். அந்த லோடில் நான்கு யூனிட்டுக்குப் பணம் கொடுத்தால் கையில் இருப்பது மூன்றே கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கலவை போடும்போதும் இது தெரியும். சட்டிக் கணக்கில் ஐந்து மணலுக்கு ஒரு சிமென்ட் என்று போட்டாலும் உள்ளே போவது நான்கு சட்டி மணல்தான்.

டன் கணக்கில் பில் வந்தால், காய்ந்த ஆற்று மணல் ஒரு யூனிட் சுமார் நாலரை டன், எம்-சாண்ட் சுமார் ஐந்து டன் என்று வைத்துக்கொள்ளலாம். எடை மேடைச் சீட்டில் தண்ணீரின் எடையும் சேர்ந்தே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பேஸ்மட்டம் 30 அடிக்கு 20 அடி, 3 அடி உயரம் நிரப்ப வேண்டும். 18 யூனிட் கணக்கு வருகிறது. மேஸ்திரி 22 கேட்கிறார்.
— வாசகி, நன்னிலம்

மேஸ்திரி கேட்பது சரி. 1,800 கன அடி என்பது இறுகிய பின் நிற்க வேண்டிய அளவு. வண்டியில் வருவது தளர்ந்த சரக்கு, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால் இறங்கும். 20–25 சதவீதம் கூட்டி வாங்குவதுதான் வழக்கம். உள்சுவர்கள் அடைக்கும் இடத்தை மட்டும் கழித்துவிட்டீர்களா என்று பாருங்கள். நிரப்புவதை ஒரே மூச்சாகச் செய்யாமல் முக்கால் அடிக்கு ஒரு தட்டாக நனைத்து இறுக்கச் சொல்லுங்கள். அஸ்திவாரம் தோண்டிய களிமண்ணையே திரும்ப உள்ளே தள்ளிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். கோடையில் வயல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கிறதோ, அந்த மண் உங்கள் தரைக்கடியிலும் அதையேதான் செய்யும். டைல்ஸ் மேலே தூக்கிக்கொள்ளும்.

கரண்ட் பில்லில் யூனிட் ஏறிக்கொண்டே போகிறது. எந்தச் சாமான் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா? மீட்டரில் சிவப்பு விளக்கு எப்போதும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, அது பழுதா?
— வாசகி, மயிலாடுதுறை

அது பழுதல்ல, உங்களுக்கு உதவக்கூடிய விளக்கு. முதலில் கணக்கைப் பார்ப்போம். 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் பழைய மின்விசிறி ஒரு யூனிட்டில் 13 மணி 20 நிமிடம் சுற்றும். 2,000 வாட் ஹீட்டர் அரை மணியில் அதே யூனிட்டைத் தீர்த்துவிடும்.

இப்போது மீட்டர் முகப்பில் பொடி எழுத்தில் 3200 இம்ப்/கே.டபிள்யூ.ஹெச். என்பது போல ஓர் எண் அச்சடித்திருக்கும். மீட்டருக்கு மீட்டர் எண் மாறும், உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 3200 என்றால் அந்த விளக்கு 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஆகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சந்தேகப்படும் சாமானை மட்டும் போட்டு, ஆறு நிமிடம் எண்ணுங்கள். 32 முறை மினுக்கினால் 0.01 யூனிட். ஆறு நிமிடம் மணியில் பத்தில் ஒரு பங்கு, ஆகவே அது 100 வாட் இழுக்கிறது. எல்லாம் அணைந்த பிறகும் விளக்கு மினுக்கினால் இன்வெர்ட்டர், ஸ்டாண்ட்பையில் நிற்கும் டி.வி. ஆகியவற்றையும் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் எங்கோ லீக்கேஜ். சுவர் ஈரத்தில் வயர் கசியலாம். எலெக்ட்ரீஷியனை உடனே கூப்பிடுங்கள். அங்கே பில்லைவிட ஷாக் பெரிய கவலை.

தண்ணீர் மோட்டாரை நிறையப் பேர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு ஹெச்.பி. 746 வாட் என்பது மோட்டார் வெளியே தரும் வேலை. லைனிலிருந்து அது இழுப்பது கிட்டத்தட்ட 1,000 வாட். ஆக, ஒரு மணிக்கு ஒரு யூனிட். முன்பு அரை மணியில் நிரம்பிய தொட்டிக்கு இப்போது முக்கால் மணி ஆகிறதென்றால் மீட்டரைச் சந்தேகப்படாதீர்கள். ஃபுட் வால்வ் கசிகிறதா, கெப்பாசிட்டர் வலுவிழந்ததா, இம்பெல்லர் தேய்ந்ததா, போரில் நீர்மட்டம் இறங்கியதா என்று பாருங்கள்.

மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும். வோல்ட், ஆம்பியர், கே.வி.ஏ. எல்லாம் வந்து போகும். கே.டபிள்யூ.ஹெச். என்று போட்டிருக்கும்போது வரும் எண்தான் யூனிட். ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலையும் ஏறுவதால், ரீடிங் எடுத்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த ரீடிங்குக்குப் பாதி நாள் கழிந்ததும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்பாவுக்குக் காலையில் 20 யூனிட் இன்சுலின். மருந்துக் கடையில் வழக்கமான சிரிஞ்ச் இல்லை என்று ஆரஞ்சு மூடி போட்ட வேறு சிரிஞ்ச் கொடுத்தார்கள். 20 கோடு வரை இழுத்தால் சரிதானே?
— வாசகர், கும்பகோணம்

சரியல்ல. அந்த சிரிஞ்சைப் போடுவதற்கு முன் பாட்டிலைப் பாருங்கள். நம் ஊரில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு. மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தும் இருக்கிறது. அதன் சிரிஞ்சுக்கு மூடி ஆரஞ்சு. சிரிஞ்சில் உள்ள கோடுகள் அதற்கென்று உள்ள மருந்துக்கு மட்டும்தான் யூனிட்டைக் காட்டும்.

40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதில் 8 யூனிட்தான் இருக்கும். சர்க்கரை குறையாது, மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டுவார்கள். 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி, 50 யூனிட். இரண்டரை மடங்கு. சர்க்கரை தடாலென்று இறங்கி நினைவு தப்பும் நிலை. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் மனக்கணக்குப் போட்டுச் சமாளிக்க வேண்டாம். சரியான சிரிஞ்சை வாங்கிய பிறகே ஊசி. ஏற்கெனவே மாற்றிப் போட்டிருந்தால் சர்க்கரையைப் பார்த்துவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்சுலின் யூனிட் எடையுமல்ல, கொள்ளளவுமல்ல. அந்த மருந்து உடலில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதன் அளவு. அதனால்தான் மருந்துக்கு மருந்து மாறும். வைட்டமின் டி பாக்கெட்டில் 60,000 ஐ.யூ., அதாவது சர்வதேச யூனிட், என்று பார்த்து மிரள்கிறார்கள். அதில் இருக்கும் வைட்டமின் ஒன்றரை மில்லிகிராம்தான்.

சீட்டு எழுதும் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யூனிட் என்பதை ஒற்றை ஆங்கில எழுத்தாக எண்ணோடு ஒட்டி எழுதினால் அது பூஜ்ஜியம் போலத் தெரிந்து, 10 என்பது 100 ஆகப் படிக்கப்படும். முழுச் சொல்லாக எழுதிவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

ஆபரேஷனுக்கு இரண்டு யூனிட் ரத்தம் கேட்டார்கள். சீட்டில் ‘யூனிட் 3’ என்றும் இருக்கிறது. மூன்றும் வேண்டுமா?
— வாசகர், பட்டுக்கோட்டை

இரண்டுக்கும் தொடர்பில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மெடிசின், சர்ஜரி போன்ற பெரிய துறைகளைத் தலா ஒரு தலைமை மருத்துவரின் கீழ் பல குழுக்களாகப் பிரித்திருப்பார்கள். அந்தக் குழுவின் எண்தான் சீட்டில் இருப்பது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. நாள் தனி. மறுபடி காட்ட வரும்போது அதே யூனிட்டின் நாளில் வந்தால் உங்களைப் பார்த்த அதே டாக்டர்கள் இருப்பார்கள்.

ரத்தத்தில் ஒரு யூனிட் என்பது ஒருவர் ஒரு தடவை கொடுக்கும் ஒரு பை. 350 அல்லது 450 மில்லி. அதைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரித்த பின் ஒவ்வொரு பையும் தனித்தனி யூனிட்தான், அளவு மட்டும் குறையும். பெரியவர்களுக்குச் சிவப்பணு ஒரு யூனிட் ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம் ஏறும்.

யூனிட்டுக்கு முன் ‘எ’ வருமா, ‘ஆன்’ வருமா? ‘யு’ உயிரெழுத்து என்பதால் ‘ஆன்’ போட்டேன், தவறு என்று மார்க் குறைத்துவிட்டார்கள்.
— பிளஸ் ஒன் மாணவி, மன்னார்குடி

‘எ யூனிட்’தான் சரி. ஆங்கிலத்தில் இதை எழுத்து தீர்மானிப்பதில்லை, ஒலிதான் தீர்மானிக்கிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதலில் உயிரெழுத்து வந்தால் ‘ஆன்’, உயிர்மெய் வந்தால் ‘எ’. யூனிட், யூனிஃபார்ம், யூனிவர்சிட்டி, யூரோப்பியன் எல்லாம் ‘யூ’வில் தொடங்குகின்றன, ‘எ’. அங்கிள், அம்பிரெல்லா, எம்.எல்.ஏ., ‘ஆன்’. மணி என்ற பொருளில் வரும் ‘அவர்’ ஆங்கிலத்தில் ஹெச்சில் தொடங்கினாலும் ‘ஆன்’தான். இது கை விடும் இடம் இரண்டு. ‘ஒன்’ என்று நாம் எழுதுவதன் உண்மையான ஒலி ‘வன்’, ஆகவே ‘எ ஒன்-வே ரோடு’. ஆண்டைக் குறிக்கும் ‘இயர்’ முன்னால் யகர ஒலியோடு வருவது, அதனால் ‘எ’. காதைக் குறிக்கும் ‘இயர்’ அப்படியல்ல, ‘ஆன்’.

பன்மையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘டூ யூனிட்ஸ் ஆஃப் சாண்ட்’ என்றால் பன்மை. ‘எ டூ-யூனிட் லாரி’ என்று லாரிக்கு அடைமொழியாக வந்தால் ஒருமை. ‘பெர் யூனிட்’ எப்போதும் ஒருமை. ‘ஆஃப்’புக்குப் பின் சாண்ட், பிளட், எலெக்ட்ரிசிட்டி எதற்கும் ‘எஸ்’ வராது. ‘யூனிட்டி’ என்றால் ஒற்றுமை, வேறு சொல். 1570க்கு முன் கணக்கில் ஒன்று என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘யூனிட்டி’தான் வழங்கியது. அந்த ஆண்டு யூக்ளிடின் வடிவியல் நூல் முதன்முதலாக ஆங்கிலத்தில் அச்சானபோது, அதற்கு முன்னுரை எழுதிய ஜான் டீ தனிச் சொல்லாக ‘யூனிட்’டைக் கொண்டுவந்தார்.

எல்லா யூனிட்டையும் ‘அலகு’ என்று எழுதலாமா?
— வாசகி, திருவையாறு

அளவைக்கு அலகு பொருத்தமான சொல். செய்யுளை அசை பிரித்து அலகிடுகிற பிள்ளைகளுக்கு அது புதிதுமல்ல. ஆனால் ஐ.சி.யூ.வைத் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றுதான் சொல்ல வேண்டும். லாரிக்காரரிடம் மூன்று அலகு மணல் கேட்டால் அவருக்குப் புரியாது, யூனிட் என்றே கேளுங்கள்.

மேட்டூரில் இத்தனை அடி, இத்தனை டி.எம்.சி., திறப்பு இத்தனை கன அடி என்று தினமும் மூன்று யூனிட் சொல்கிறார்கள். என் வயலுக்கு எவ்வளவு என்று இதிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?
— விவசாயி, ஒரத்தநாடு

மூன்றும் மூன்று விஷயம். அடி, அணையில் நீர் நிற்கும் உயரம். டி.எம்.சி., இருப்பு. ஒரு டி.எம்.சி. 100 கோடி கன அடி. திறப்பில் சொல்லும் கன அடி என்பது விநாடிக்கு இவ்வளவு என்ற ஓட்டம். ‘விநாடிக்கு’ என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் குழப்பம் வருகிறது.

உயரத்தை வைத்து இருப்பை விகிதத்தில் கணக்கிடாதீர்கள். முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டி.எம்.சி. 100 அடியில் 78 இருக்கும் என்று தோன்றும், இருப்பதோ சுமார் 65தான். அணை மேலே போகப் போக அகலமாகிறது, கடைசி 20 அடியில் நிற்பது ஏராளம்.

ஓட்டத்தை இருப்பாக்க ஓர் எண் போதும். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. பத்தாயிரம் கன அடி பத்து நாள் திறந்தால் 8.64 டி.எம்.சி. இறங்கும். கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டும் என்று 2018 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் சொன்ன 177.25 டி.எம்.சி. ஆண்டு முழுதும் ஒரே சீராக ஓடினால் விநாடிக்குச் சுமார் 5,600 கன அடி. சாகுபடிக்கு அது சீராக வந்தால் போதாது, குறுவைக்கும் சம்பாவுக்கும் வேண்டிய மாதத்தில் வர வேண்டும். அதனால்தான் மாதவாரிக் கணக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

இனி வயல். விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய ஓர் அங்குலம் நிற்கும். வாய்க்கால் மதகுக்கும் வயலுக்கும் இந்தக் கணக்கு ஒன்றே போதும். மோட்டாரில் பாய்ச்சுவதாக இருந்தால், 200 லிட்டர் டிரம்மைக் குழாயில் பிடித்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 20 விநாடி என்றால் விநாடிக்கு 10 லிட்டர். ஒரு மா, அதாவது 100 குழி, 14,520 சதுர அடி. அதில் இரண்டு அங்குலம் நிற்க 68,500 லிட்டர் வேண்டும். உங்கள் மோட்டாருக்கு இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் சேற்று வயலுக்கு இந்தக் கணக்கு. வெடித்துக் கிடக்கும் வயலில் முதல் தண்ணீர் வெடிப்பிலேயே இறங்கிவிடும், இதைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். மண் வாய்க்கால் நீளமாக இருந்தால் அதில் ஊறிப்போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம்மை மோட்டார் வாயில் பிடிக்காமல் வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடையில் பிடித்துப் பார்த்தால் அந்த வித்தியாசமும் தெரிந்துவிடும்.